உடம்புக்கு ஒரு ஜிக்

முதலில் நான் கட்டினதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் ஒன்றுக்கு இரும்புக் கூரை ஏற்றினவன் நான். வருகிறேன் என்று சொன்ன கிரேன் வராமல் போனது. செயின் பிளாக்கையும் நாலு ஆட்களையும் வைத்தே ஏற்றி முடித்தேன். ஒரு பெயிண்ட் கம்பெனியில் டேங்கைச் சுற்றி வளைந்து ஏறுகிற படிக்கட்டு போட்டேன். அதில் ஏறின ஒருத்தனுக்குக்கூட இன்றுவரை கால் தவறவில்லை. இன்னொரு கம்பெனிக்கு நான் போட்ட கேட்டில் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து மோதியது. லாரிதான் பட்டறைக்குப் போனது, கேட் அங்கேயே நிற்கிறது. கடம்பத்தூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் ஸ்டாண்டு போட்டுக் கொடுத்தேன். அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு என்னை நிறுத்தி வரப்பு வெட்ட அனுப்பினார்கள். சோழவரம் தாண்டி நாங்கள் இப்போது குடியிருக்கிற அடுக்குமாடியில் வண்டி ஷெட், மொட்டைமாடிக் கம்பி, வாசல் கேட், நீச்சல் குளத்துக்குள் இறங்குகிற ஸ்டீல் ஏணி, எல்லாம் நம் கைவேலை.

இதில் ஒன்றையும் யாரும் கூப்பிட்டுக் கையில் கொடுக்கவில்லை. கூட்டாளி என்று வந்தவன் வெல்டிங் மெஷினோடு போய்விட்டான். ஒரு மழைக்கு என் பட்டறை கூரை வரைக்கும் முழுகியது. வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் மண்ணை அள்ளிக் கொட்டினது போல எரியும்போது உருளைக்கிழங்கு வில்லையை இமை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, மறுபடி எழுந்து போய் ராடைப் பிடித்திருக்கிறேன். இதைத் தற்பெருமை என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், தற்பெருமைதான். என் பெருமையை வேறு எவன் வந்து பேசப் போகிறான்?

இந்த வரிசையில் கடைசியாக நான் கட்டினது என் நீச்சல். கட்டினேன் என்றுதான் சொல்வேன். குளத்தில் கால் நனைக்காமல், ஐந்தாவது மாடி ஹாலில், சோபாவைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டுக் கட்டினேன். ஏன் அப்படி என்று கேட்டால், குளத்துக்குள் என்னை விடவில்லை.

குளம் திறந்த வாரத்தில் ஒரு காலை, புது அரைக்கால் சட்டையும் தோளில் துண்டுமாகக் கீழே போனேன். சங்கச் செயலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே நாலாவது மாடியில் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில்.

“பெரியவரே, எங்க இந்தப் பக்கம்?”

“குளத்துக்கு சார்.”

“நீச்சல் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. கத்துக்கத்தான் வரேன்.”

“அறுபது தாண்டினவங்க இந்தச் சுவர்ல இருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் நிக்காம நீந்திக் காட்டணும். அப்புறம்தான் அனுமதி. கமிட்டி முடிவு.”

“நீந்தத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் கத்துக்க வரேன்?”

“கிளாஸ் குழந்தைங்களுக்கு மட்டும்தான். உங்க வயசுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“தண்ணியில இறங்காம நீச்சல் எப்படி சார் வரும்?”

“அது உங்க பாடு.”

குளத்துக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சியாளன் நின்றிருந்தான். பொன்னேரிப் பக்கத்துக்காரன், கல்யாணமான ஆள், நல்லவன். என்னைப் பார்த்துக் கையை விரித்தான். “நைனா, என் கையில இன்னா கீது? அவங்க சொல்றததான் நான் செய்யணும்.”

அவனுக்குப் பக்கத்தில் என் ஏணி பளபளவென்று நின்றது. அந்தப் பைப்பை வளைக்கும்போது மடிப்பு விழாமல் இருக்க உள்ளே மணலைக் கெட்டித்து வளைத்தவன் நான். ஏறுகிறவன் உள்ளங்கையில் ஒரு பிசிறு குத்தக் கூடாது என்று பாலிஷ் போட்டவனும் நான். அதைப் பிடித்து இறங்க எனக்கு அனுமதி இல்லை.

இந்தக் கணக்கு எனக்குப் புதிது இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு நான் வந்த புதிதில் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் இதையேதான் சொன்னார்கள். முன்னால் வேலை செய்தவனுக்குத்தான் வேலையாம். அந்த முதல் வேலையை எவன் கொடுப்பான் என்று கேட்டால் வாட்ச்மேன் தடியைத் தரையில் தட்டுவான். 

அதற்கும் முன்னால் எங்கள் ஊர்க் கிணறு. நெல் வயலுக்கு நடுவே பெரிய கிணறு. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் பம்புசெட் கூரை மேலிருந்து குதிப்பார்கள். தண்ணீர் எகிறி வரப்பு வரைக்கும் தெறிக்கும். வரப்பில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அந்த வயலில் நாற்று நட்டதும் களை பறித்ததும் எங்கள் தெரு. கோடையில் அந்தக் கிணற்றைத் தூர் வாரினதும் எங்கள் தெருதான். என் அப்பா இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, சேற்றைக் கூடை கூடையாக ஏற்றி அனுப்புவார். ஊற்று பிடித்துத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் மேலே ஏறிவிட வேண்டும். தூர் வாரலாம், குளிக்கக் கூடாது. அதனால்தான் எனக்கு நீச்சல் தெரியாது. பயந்து போய்க் கற்றுக்கொள்ளாமல் விட்டேன் என்று எவனும் நினைக்க வேண்டாம்.

வீட்டு பால்கனியில் நின்றால் சோழவரம் ஏரி தெரியும். அதில் இறங்கலாமே என்று கேட்பீர்கள். அது ஊருக்குக் குடிக்கப் போகிற தண்ணீர். அதோடு, நான் ஏரியில் இறங்கினால் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக என் சம்சாரம் சொல்லிவிட்டாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. இருந்தாலும் அவள் சொன்னால் செய்வாள். அதையெல்லாம் விடுங்கள். நான் வளைத்துப் போட்ட ஏணியில் இறங்கி நீந்த வேண்டும். எனக்கு வேண்டியது அந்தத் தண்ணீர்தான், வேறு தண்ணீர் இல்லை.

“ரைட்டு. நீந்திக் காட்டினாத்தான் உள்ள விடுவீங்க. காட்டறேன்,” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் முதல் குளத்துக் கம்பி வேலிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது என்று கமிட்டி இன்னும் முடிவு பண்ணவில்லை. உள்ளே பயிற்சியாளன் குழந்தைகளைப் பார்த்துக் கத்துவதெல்லாம் எனக்கும் கேட்கும். “முட்டிய மடக்காதே, இடுப்புல இருந்து அடி.” “கால் விரல நீட்டு.” “மூச்ச தண்ணிக்குள்ள விடு.” “தலையத் தூக்காதே, பக்கவாட்டுல திருப்பு.” குழந்தைகள் கேட்டார்களோ இல்லையோ, நான் கேட்டேன்.

எங்கள் தொழிலில் ஜிக் என்று ஒன்று உண்டு. ஒரே மாதிரி நூறு துண்டு செய்ய வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருக்க மாட்டோம். துண்டு இந்த இடத்தில்தான் உட்காரும், இந்தக் கோணத்தில்தான் நிற்கும் என்று முதலில் ஒரு சட்டம் செய்து வைத்துவிடுவோம். அதற்குள் வைத்தால் வைக்கிறவன் தூங்கிக்கொண்டு வைத்தாலும் தப்பு வராது. ஆளை நம்பாதே, ஜிக்கை நம்பு என்று என் ஆட்களிடம் ஓயாமல் சொல்வேன். எனக்கு நீச்சல் தெரியாது, சரி. ஜிக் போடத் தெரியும். உடம்பும் ஒரு துண்டுதானே?

பட்டறையில் கிடந்த சதுரப் பைப்பில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு பெஞ்சு செய்தேன். மேலே பழைய பஸ் சீட்டு ஃபோமை வைத்து ரெக்சின் தைத்தேன். வயிறும் இடுப்பும் மட்டும் பெஞ்சு மேல் இருக்கும். மார்பும் தலையும் முன்னால் அந்தரத்தில், கால்கள் பின்னால் அந்தரத்தில். லிஃப்டில் அது நுழையவில்லை. ஐந்து மாடியும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கதவைத் திறந்த சம்சாரம் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாய்யா இது, ஆடு உரிக்கிற பெஞ்சா?”

“நீச்சல் பெஞ்சு.”

“தண்ணி எங்க?”

“தண்ணி கடைசியில.”

“டிவிக்கு முன்னாடி போட்டே, அப்பறம் கீது உனக்கு.”

டிவிக்கு முன்னால்தான் இடம் இருந்தது.

முதலில் கால். இடுப்பிலிருந்து அடிக்கச் சொன்னால் என் முட்டி தானாக மடங்குகிறது. படி ஏறி, சாரம் ஏறிப் பழகின கால் அது. அதற்கு மடங்கத்தான் தெரியும். இரண்டு மரச்சட்டத்தை எடுத்து முட்டிக்குப் பின்னால் வைத்துத் துணியால் கட்டினேன். இப்போது மடங்கு பார்ப்போம் என்றேன் காலிடம். மடங்கவில்லை. தொடை வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் சொன்னாள்: “லாரியில அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறவன் மாதிரியே கீற. ஆரஞ்சுப் பழம் வாங்கினு வரட்டா?”

அடுத்தது கை. சைக்கிள் ட்யூப் இரண்டை பால்கனிக் கம்பியில் கட்டி, முனையில் கைப்பிடி போட்டேன். பெஞ்சில் குப்புறப் படுத்து, முன்னால் கையை நீட்டி, ட்யூபைத் தொடை வரைக்கும் இழுக்க வேண்டும். ஒரு கை முடிகிறபோது மற்றது தொடங்க வேண்டும். இது எனக்கு லட்டு. இரும்பு தேய்க்கிற கிரைண்டரை நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்த கை. இழுத்த இழுப்பில் பால்கனிக் கம்பி முனகியது. அந்தக் கம்பியைப் போட்டவன் நானில்லை. நான் போட்டிருந்தால் முனகியிருக்காது.

காலையில் டீ குடித்ததும் ஒரு தடவை, பட்டறையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. என் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள் என்று தெரியும். சிரித்தால் என்ன, சம்பளம் வாங்குகிற இடத்தில் கொஞ்சம் சிரிப்பும் வாங்கிக்கொள்ளட்டும்.

கையும் காலும் படிந்துவிட்டன. மூச்சுதான் பேஜாரு பண்ணியது.

பெஞ்சின் முன்பக்கம் ஒரு ஸ்டாண்டு வைத்து, அதில் தண்ணீர் நிரம்பிய பாத்திரம் வைக்க வேண்டும். முகத்தை அதில் அமுக்கி மூச்சை விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுத்து, மறுபடி அமுக்க வேண்டும். வீட்டில் இருந்த பெரிய அண்டாவைக் கேட்டேன். “அது பொங்கலுக்குப் பால் காய்ச்சறது. உன் மூஞ்சியக் கழுவறதுக்கு இல்ல,” என்று அலுமினியக் குண்டான் ஒன்றைக் கொடுத்தாள்.

குண்டானில் முகத்தை வைத்தால் எனக்கு மூச்சு வெளியே வரவே இல்லை. உள்ளேயே கட்டிப் பிடித்துக்கொள்கிறேன். பிறகு முகத்தைத் தூக்கி, விடுவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறேன். தண்ணீர் மூக்கில் ஏறி, கண் சிவந்து, இருமி, ஹால் முழுக்க ஈரம். எத்தனை தடவை செய்தாலும் அதே. பெஞ்சைக் காலால் எட்டி உதைத்தேன். அது நகரவில்லை, என் வேலை அப்படி.

கண்டுபிடித்தவள் என் சம்சாரம். அதை நான் மறைக்கப் போவதில்லை. எத்தனையோ வருஷம் சைட்டுக்குச் சோறு கொண்டுவந்து, நான் முடிக்கிற வரைக்கும் ஓரமாக நின்று என்னைப் பார்த்தவள் அவள். மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“யோவ், நீ நீந்தல. வெல்டிங் வச்சிக்கினு கீற.”

“இன்னாடி உளற்ற?”

“ராடு எரியற வரைக்கும் மூச்சப் புடிச்சிக்கினு இருப்பே. முடிஞ்சதும் மாஸ்க்க மேல தள்ளறதுக்குத் தலைய ஒரு வெட்டு வெட்டுவ பாரு, அதையேதான் பண்ற. தண்ணிக்குள்ள இன்னா பொகையா வருது?”

எனக்குச் சுரீரென்றது. அவள் சொன்னது சரி. பற்றவைக்கும்போது வரும் புகை நெஞ்சுக்குள் போகக் கூடாது என்று, நெருப்பு எரிகிற நேரம் முழுக்க மூச்சை அடக்கிப் பழகினவர்கள் நாங்கள். தலையில் மாட்டின மாஸ்க் இறங்கினால் மூச்சு நிற்கும். தலையை வெட்டி மாஸ்க்கை ஏற்றினால்தான் மூச்சு வரும். நாற்பது வருஷத்துப் பழக்கம். குண்டானில் முகம் வைத்ததும் உடம்பு மாஸ்க் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டது. தலையை வெட்டி மேலே தூக்கினால்தான் காற்று என்று அதற்குப் பாடம்.

இப்படிப்பட்ட தப்பை வெல்டர் தவிர வேறு எவனும் செய்ய முடியாது. அதையும் பெருமையோடுதான் சொல்கிறேன்.

சொல்லித் திருத்துகிற பழக்கம் இல்லை அது. அதற்கும் ஜிக்தான். முன்பக்க ஸ்டாண்டின் இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாகப் பைப் எழுப்பி, படுத்தால் என் பின்மண்டைக்கு நாலு விரல் மேலே வருகிற மாதிரி குறுக்கே ஒரு கம்பி வைத்தேன். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒன்றும் ஆகாது. மேலே வெட்டினால் மண்டையில் விழும்.

விழுந்தது. முதல் நாள் விழுந்த அடியில் புடைத்துக்கொண்டது. ஒவ்வொரு ‘டங்’குக்கும் சமையலறையிலிருந்து அவள் “சாமி கும்பிட்டாச்சா?” என்று குரல் கொடுத்தாள். நாளாக ஆக அந்தச் சத்தம் குறைந்தது. கழுத்துக்குப் புத்தி வந்துவிட்டது.

மூச்சை வெளியே விடுவதற்கு வழி சொன்னவளும் அவள்தான். “ஊதாங்குழல்ல அடுப்பு ஊதினது இல்லியா நீ? எங்கம்மா ஊட்ல நான்தான் ஊதுவேன். பச்சை வெறகு. நிறுத்தாம, மெதுவா, ஒரே மாதிரி ஊதணும். சட்டுனு ஊதினா சாம்பல் மூஞ்சிக்குத்தான் வரும்.” சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு, என்னைத் தள்ளிவிட்டுக் குண்டானில் முகம் வைத்து ஊதிக் காட்டினாள். முத்து முத்தாகக் குமிழ் வந்தது. பக்கவாட்டில் திரும்பி, காற்றை வாங்கி, மறுபடி உள்ளே போய் ஊதினாள். ஒரு இருமல் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அரை அடி பைப் துண்டு ஒன்றை வாயில் வைத்துத் தண்ணீருக்குள் விட்டு ஊதிப் பழகினேன். அப்புறம் பைப்பை எடுத்துவிட்டு ஊதினேன். வந்துவிட்டது. கையும் காலும் மூச்சும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடினது ஒரு சாயங்காலம். நல்ல மோட்டார் சூடு பிடித்து ஓடுகிற மாதிரி இருந்தது உடம்பு.

அந்தச் சாயங்காலம்தான் கதவு தட்டப்பட்டது. அவள் திறந்தாள். செயலாளர். நான் முட்டிக்குப் பின்னால் சட்டம் கட்டி, கம்பிக்குக் கீழே குப்புறப் படுத்து, குண்டானுக்குள் முகத்தை வைத்திருக்கிறேன்.

“என்னம்மா சத்தம் இது? எங்க ஹால்ல ஃபேன் ஆடுது. சீலிங்ல ஈரம் வேற. வீட்டுக்குள்ள வெல்டிங் பட்டறை வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? என்ன பண்றார் இவர்?”

“நீந்திக்கினு கீறாரு சார். கொஞ்சம் நில்லுங்க, அந்தக் கரைக்குப் போய்ட்டு வந்துருவாரு.”

நான் நிறுத்தவில்லை. மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது, அவருக்காக ஏன் கெடுக்க வேண்டும்? கொஞ்ச நேரம் போய்த்தான் எழுந்தேன். முகத்தில் தண்ணீர் சொட்ட அவர் முன்னால் நின்றேன். முட்டிச் சட்டத்தை அவிழ்க்கவில்லை. நேராக நிற்க அது வசதியாக இருந்தது.

“பெரியவரே, இந்த வயசுல இதெல்லாம் தேவையா? நாலு பேர் பார்த்தா சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும் சார். தண்ணியில விடமாட்டேன்னு சொன்னது நீங்க. தரையிலயும் நீந்தக் கூடாதுன்னு கமிட்டி முடிவா?”

“தரையில நீந்திப் பழகினா தண்ணியில நீந்தலாம்னு யார் சொன்னது?”

“தண்ணியில இறங்காம நீந்திக் காட்டுன்னு சொன்னீங்களே, அத யார் சார் சொன்னது?”

அவர் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழம காலையில வரேன்,” என்றேன். “நீங்களே நின்னு பாருங்க. நீந்தலன்னா உங்க ரூலு செல்லும். நீந்திட்டா நான் உள்ள.”

“சரி. ஆனா ஒண்ணு, ஏதாவது ஆச்சுன்னா சங்கம் பொறுப்பில்ல.”

“எனக்கு ஏதாச்சும் ஆனப்பல்லாம் எந்தச் சங்கம் சார் பொறுப்பு எடுத்துது?”

ஞாயிறு காலை பால்கனி பால்கனியாகத் தலைகள். யார் போய்ச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. என் சம்சாரம் நாஷ்டா போடவில்லை. “வயிறு ரொம்பினா மூழ்கிடுவ” என்றாள். வேலிக்கு வெளியே என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏணியைப் பிடித்தேன். திரும்பி நின்று, ஒவ்வொரு படியாக இறங்கினேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. முட்டியைத் தொட்டது. இடுப்புக்கு வந்தது. இறங்கிக்கொண்டே இருந்தேன். ஏறு என்று யாரும் சொல்லவில்லை. அப்பா நினைப்பு வந்தது. வந்ததும் தள்ளி வைத்தேன், அழுதுகொண்டே நீந்த முடியாது.

குளம் நீளவாட்டில் பெரியது. பரீட்சை குறுக்குவாட்டில்தான். எதிர்ச் சுவர் கண்ணுக்கெதிரே. நெஞ்சளவுத் தண்ணீர். பயிற்சியாளன் ஒரு கை தூரத்தில் நின்றான். செயலாளர் விசில் ஊதினார். சுவரை உதைத்துக்கொண்டு பாய்ந்தேன்.

பெஞ்சு இல்லை. அதை நான் யோசிக்கவில்லை. வயிற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, தண்ணீர் மட்டும். உடம்பு திடுக்கிட்டது, தலை தானாக ஒரு வெட்டு வெட்டி மேலே வந்தது, தலை மேலே வந்ததும் கால் இரும்பாக உள்ளே போனது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்து எழுந்து நின்றுவிட்டேன்.

பால்கனிகளில் ‘ச்சூ’ என்று சத்தம். செயலாளர் குனிந்தார். “பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன். மேலே வாங்க.”

“நிக்காம நீந்தணும்னுதான் ரூலு. ஒரே தடவதான்னு ரூல்ல இல்ல,” என்று இருமிக்கொண்டே மறுபடி சுவருக்குப் போனேன். பயிற்சியாளன் மெதுவாகச் சொன்னான், “விட்ருங்க நைனா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” நான் காதில் வாங்கவில்லை.

அப்போது வேலிக்கு வெளியேயிருந்து அவள் கத்தினாள். ஊரே கேட்டது.

“யோவ்! மண்டைக்கு மேல கம்பி கீதுய்யா! கம்பி!”

அவ்வளவுதான். சுவரை உதைத்தேன். பின்மண்டைக்கு நாலு விரல் மேலே கம்பி இருந்தது. சத்தியமாக இருந்தது. தலையைத் தூக்க எனக்கு இடமே இல்லை. முகம் கீழே போனது, முகம் கீழே போனதும் இடுப்பு மேலே வந்தது, கால் தானாகப் பின்னால் மிதந்து வந்தது. ஊதினேன். பச்சை விறகு. நிறுத்தாமல், மெதுவாக. திரும்பினேன், காற்று வந்தது. மறுபடி உள்ளே. வலது கை, இடது கை, ட்யூபை இழுக்கிற மாதிரி தொடை வரைக்கும். கீழே நீல ஓடுகள் பின்னால் நகர்ந்து போனதைப் பார்த்தேன். நகர்ந்தது ஓடு இல்லை, நான். இன்னொரு கை போட்டபோது விரலில் சுவர் இடித்தது.

நகம் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். பால்கனிகள் கை தட்டின. வேலிக்கு வெளியே அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.  செயலாளர் “வெல்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மதியம் வரைக்கும் நான் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. ஏறச் சொல்ல எவனாலும் முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் குளத்து வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். நான் தண்ணீரில் நிற்கிற படம் சின்னதாக, பயிற்சியாளன் படம் பெரிதாக. ‘அறுபதைத் தாண்டியவர்க்கும் நீச்சல் கற்றுத் தந்த எங்கள் பயிற்சியாளர்’ என்று எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று சம்சாரத்தையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அதுவேதான். என் பெயர் எங்குமே இல்லை. என்னைப் பார்த்ததும் பயிற்சியாளன் தலையைச் சொறிந்தான். “நான் எழுதச் சொல்லல நைனா, சங்கத்துல அடிச்சிட்டாங்க.” அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் எனக்குச் சொன்ன ஒரே பாடம் ‘விட்ருங்க’ என்பது, அதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கினார்கள். ரூலை எடுத்துவிட்டார்கள். முதலில் பெயர் கொடுத்தது யார் தெரியுமா? செயலாளர். அவருக்கும் நீச்சல் தெரியாதாம், விசில் மட்டும்தான் தெரியுமாம். பயிற்சியாளன் என் வீட்டுக்கு வந்து பெஞ்சைக் கேட்டான். சந்தோஷமாகக் கொடுத்தேன். என் தோளிலேயே சுமந்து ஐந்து மாடி இறங்கி, குளத்தோரம் நிழலில் வைத்தேன். வயசான ஆண்கள், பெண்கள் எல்லாரும் முறை போட்டு அதில் படுத்துக் குண்டானில் ஊதுகிறார்கள். தலையைத் தூக்குகிறவருக்கு ‘டங்’ விழுகிறது. செயலாளருக்கு எல்லாரையும்விட அதிகம் விழுகிறது, அதைப் பார்க்கவே நான் காலையில் சீக்கிரம் போகிறேன்.

போன வாரம் போய்ப் பார்த்தால் பெஞ்சில் ஒரு ஸ்டிக்கர். ‘குடியிருப்போர் நலச் சங்கம் வழங்கியது.’

நான் எத்தனையோ கம்பெனிக்கு வேலை செய்தேன். என் கையால் பற்றவைத்த மெஷின் மேல், பெயிண்ட் காய்வதற்குள், வேறு எவன் பெயரோ போட்ட தகடு வந்து உட்காரும். கூலி வாங்கினேன், வாயை மூடிக்கொண்டேன். அது வியாபாரம். இந்த பெஞ்சுக்கு நான் கூலி வாங்கவில்லை. இதை எனக்கு எவனும் ஆர்டர் கொடுக்கவில்லை. என் மண்டை புடைத்து, என் நகம் பெயர்ந்து வந்தது இது. இதற்கு வாயை மூட மாட்டேன்.

ஆகவே செயலாளர் அவர்களுக்கும் கமிட்டிக்கும் சொல்கிறேன். அந்த ஃப்ளெக்ஸை இறக்குங்கள். திரும்ப மாட்டுவதாக இருந்தால் பயிற்சியாளன் படம் இருக்கட்டும், அவன் பிழைக்க வேண்டியவன். ஆனால் எழுத்தை மாற்றுங்கள். நான் எவரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, நான் செய்த பெஞ்சில் நானே பழகினேன் என்று எழுதுங்கள். பெஞ்சில் ஒட்டின ஸ்டிக்கரைச் சுரண்டி எடுங்கள். அந்த இடத்தில் என் பெயர் வர வேண்டும், முழுப் பெயரும், இனிஷியலோடு. மூச்சுக்கு வழி சொன்னது என் சம்சாரம், அவள் பெயரும் என் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் வர வேண்டும். தன் பெயரெல்லாம் வேண்டாம் என்கிறாள், நீங்கள் அதைக் கேட்காதீர்கள். ஸ்டீல் தகடு நானே வெட்டி, எழுத்தும் வெட்டி வைத்துவிட்டேன். திருகாணி போட மாட்டேன். வெல்டிங்தான் வைப்பேன். எந்த நாள் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், மெஷினோடு வருகிறேன்.